சிறுகோளைச் சுற்றும் விண்கலமும் சூரிய ஒளி அழுத்தமும்: முதல்முறை கணக்கிடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதுகலைத் திட்டப்பணிக்காக, பென்னு என்ற சிறுகோளைச் சுற்றும் ஒரு விண்கலத்தின் பாதையைக் கணக்கிட்டேன். சூரிய ஒளியைச் சேர்க்காதவரை நூறு நாளும் ஒரே வட்டம். ஒளியின் அழுத்தத்தைச் சேர்த்ததும் பத்தாம் நாள் கலம் தரையில் மோதியது. நிரலில் பிழை என்று முடிவு கட்டி, மூன்று வாரம் வரி வரியாகத் தேடினேன். கடைசியில் பார்த்தால், மோதியதுதான் சரியான விடை. பிழைகளும் இருந்தன, ஆனால் நான் தேடிய இடத்தில் இல்லை.

அந்த மூன்று வாரமாவது உங்களுக்கு மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன். நியூட்டனின் ஈர்ப்பு விதி தெரிந்து, பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுத வந்தால் போதும். எடுத்துக்காட்டு முழுக்கப் பென்னுதான். அதை நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் உண்மையிலேயே சுற்றியிருக்கிறது, தரவுகள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன, உங்கள் விடையை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

1. முதல் நாள்: எண்களைச் சேகரியுங்கள்

நிரலைத் திறக்கும் முன் ஒரு தாளில் இந்த எண்களை அலகோடு எழுதி வையுங்கள்.

சிறுகோளின் ஈர்ப்பு எண். ஈர்ப்பு மாறிலியையும் நிறையையும் பெருக்கினால் வருவது, துறையில் ஜிஎம் என்பார்கள். பென்னுவுக்கு 4.89, அலகு கன மீட்டர் / வினாடி². நிறையைத் தனியாக எடுத்து மாறிலியோடு பெருக்க வேண்டாம். கலத்தின் ஓட்டத்திலிருந்து நேரடியாக அளக்கப்படுவது ஜிஎம்தான்.

அளவும் சுழற்சியும். பென்னுவின் சராசரி விட்டம் சுமார் 490 மீட்டர். 4.3 மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது.

சூரியனிலிருந்து தொலைவு. பென்னுவின் பாதை வட்டமல்ல. அருகில் 0.897 வானியல் அலகு, தொலைவில் 1.356 (பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே உள்ள சராசரித் தொலைவுதான் ஒரு வானியல் அலகு). சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 436 நாள். தேதிவாரியான இடத்தை நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

கலத்தின் நிறை, சூரியனைப் பார்க்கும் பரப்பு, எதிரொளிப்புக் கெழு (ஒளியைக் கலம் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதற்கான எண், எட்டாம் படியில் விளக்கம்). ஓசைரிஸ்-ரெக்ஸ் கிளம்பும்போது எரிபொருளோடு 2110 கிலோ, எரிபொருள் இல்லாமல் 880 கிலோ. சூரியத் தகடுகளின் பரப்பு 8.5 சதுர மீட்டர். நான் பயிற்சிக்காக ஒரு கற்பனைக் கலத்தை எடுத்துக்கொண்டேன்: நிறை 1600 கிலோ, தகடும் உடலும் சேர்த்துப் பரப்பு 12 சதுர மீட்டர், கெழு 1.3. கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்தக் கலத்துக்கானவை.

ஹொரைசன்ஸில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, சிறுகோளின் எண்ணைக் கொடுக்கும்போது பின்னால் அரைப்புள்ளி போட வேண்டும். வெறும் 4 என்று கொடுத்தால் செவ்வாய் மண்டலத்தின் நிறைமையம் வரும். அரைப்புள்ளியோடு கொடுத்தால்தான் 4-ஆம் எண் சிறுகோளான வெஸ்டா வரும். பென்னுவின் எண் 101955. பழக்கத்துக்காக அதற்கும் அரைப்புள்ளி போட்டே கேளுங்கள்.

இரண்டாவது பொறி இன்னும் மோசம். ஹொரைசன்ஸ் தரும் நிலை, திசைவேக அட்டவணை இயல்பாகப் பூமியின் சுற்றுப்பாதைத் தளத்தை அடிப்படையாகக் கொண்டது. வான்பொருள்கள், கலங்களின் இடத்தையும் திசையையும் கணக்கிட நாசா தரும் ஸ்பைஸ் நிரல்தொகுப்பின் வழக்கமான அச்சோ பூமத்தியரேகைத் தளம். இரண்டுக்கும் நடுவே 23.4 பாகை சாய்வு. ஒன்றிலிருந்து சூரியத் திசையையும் இன்னொன்றிலிருந்து பென்னுவின் சுழல் அச்சையும் எடுத்துக் கலந்தால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. பாதை மட்டும் மெல்லத் தப்பாகப் போகும். இறக்கிய ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் எந்தத் தளம், எந்த மையம், எந்த அலகு என்று படித்து, அதே தாளில் குறித்துவிடுங்கள்.

2. செலவு

பணச்செலவு அனேகமாக இல்லை. ஹொரைசன்ஸுக்குக் கணக்குத் தொடங்கவே வேண்டாம். ஸ்பைஸ் இலவசம், அதைப் பைத்தானில் அழைக்கும் ஸ்பைசிபையும் இலவசம். பாதைகளைக் கணக்கிடும் மென்பொருள்களான நாசாவின் ஜிமாட், ஜாவாவில் எழுதப்பட்ட ஓரிகிட் இரண்டும் இலவசம்தான். பென்னுவின் வடிவ மாதிரிகள் நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் இருக்கின்றன. கட்டண மென்பொருள் ஏதாவது வாங்கினால்தான் முடியும் என்று யாராவது சொன்னால், இந்தக் கட்டத்தில் நம்ப வேண்டாம்.

இணையச் செலவு கொஞ்சம் உண்டு. கோள்களின் இடங்களைச் சொல்லும் டிஇ440 கோப்பு நூறு மெகாபைட்டுக்கு மேல். அதன் சுருக்கப் பதிப்பு சுமார் முப்பது மெகாபைட்தான், நமக்கு அதுவே தாராளம். நுணுக்கமான வடிவ மாதிரிகளை முதல் நாளே இறக்காதீர்கள். அவை தேவைப்படும்போது உங்களுக்கே தெரியும்.

சாதாரண மடிக்கணினி போதும். நூறு நாள் பாதையைக் கணக்கிட எனக்குச் சில வினாடிகள்தான் ஆயின. நேரம் போவது கணினியில் அல்ல, விடையைச் சரிபார்ப்பதில். மாலைகளில் மட்டும் உட்கார்ந்தால், எண்கள் சேகரிக்க இரண்டு நாள், கைக்கணக்குக்கு ஒரு நாள், நிரலுக்கு ஒரு வாரம், சோதனைக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். சோதனைக்கான நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

3. நிரலுக்கு முன் கைக்கணக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான் நான் மூன்று வாரம் இழந்தேன். ஒரு மாலைப் பொழுது இதற்குக் கொடுங்கள்.

பூமியின் தொலைவில், அதாவது ஒரு வானியல் அலகில், சூரிய ஒளி சதுர மீட்டருக்கு சுமார் 1361 வாட் ஆற்றலைக் கொண்டுவருகிறது. அதை ஒளியின் வேகத்தால் வகுத்தால் அழுத்தம் வந்துவிடும்: சதுர மீட்டருக்கு 4.54 × 10⁻⁶ நியூட்டன். அப்புறம் பரப்பால் பெருக்கி, கெழுவால் பெருக்குங்கள். நம் கலத்தின் மேல் விழும் விசை சுமார் 71 மைக்ரோ நியூட்டன். பூமியில் ஒரு அரிசி மணியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் மறுபக்கத்தில் இருப்பதும் சின்ன எண்தான். பென்னுவின் மையத்திலிருந்து 1.75 கிலோமீட்டரில் ஈர்ப்பு முடுக்கம் 4.89-ஐ 1750-இன் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது: 1.6 × 10⁻⁶ மீட்டர் / வினாடி². 1600 கிலோ கலத்தைப் பென்னு பிடித்து வைத்திருக்கும் மொத்த விசை, பூமியில் கால் கிராம் பொருளின் எடைதான். பத்துப் பன்னிரண்டு அரிசி மணி. அதற்கு எதிரே மூன்றில் ஒரு அரிசி என்றால் இனி அது சின்ன விஷயம் இல்லை.

முடுக்கமாகச் சொன்னால் ஒளியின் பங்கு 4.43 × 10⁻⁸ மீட்டர் / வினாடி². ஈர்ப்பில் 2.8 விழுக்காடு. அந்த உயரத்தில் கலம் வினாடிக்கு 5.3 சென்டிமீட்டர் வேகத்தில்தான் சுற்றுகிறது, ஒரு எறும்பின் நடையோடு ஒப்பிடக்கூடிய வேகம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 58 மணி நேரம். ஒளி மட்டும் ஒரு நாள் முழுக்கத் தள்ளினால் வேகத்தில் வினாடிக்கு 3.8 மில்லிமீட்டர் மாற்றம் வரும், இடத்தில் 165 மீட்டர். பென்னுவின் ஆரம் சுமார் 245 மீட்டர்தான் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள்.

எல்லாச் சிறுகோளுக்கும் இப்படியா என்றால், இல்லை. நியர் ஷூமேக்கர் கலம் 2000-இல் சுற்றத் தொடங்கிய ஈரோஸ் என்ற சிறுகோளின் ஜிஎம் பென்னுவைவிடச் சுமார் 91,000 மடங்கு. நம் கலத்தை ஈரோஸிலிருந்து 50 கிலோமீட்டரில் வைத்தால் ஒளியின் பங்கு ஈர்ப்பில் நாலாயிரத்தில் ஒன்று. அங்கே ஈரோஸின் நீண்ட வடிவம்தான் தலைவலி. மறுபக்கம் ஜப்பானின் ஹயபுசா-2 கலம். அது ரியுகு என்ற சிறுகோளைச் சுற்றவே இல்லை. 20 கிலோமீட்டர் தள்ளி, பூமி இருக்கும் பக்கமாக நின்றுகொண்டு, தேவைப்படும்போது இறங்கியது. அந்தத் தொலைவில் ஒளியின் தள்ளலும் ரியுகுவின் இழுப்பும் ஏறக்குறைய ஒரே அளவு. உங்கள் சிறுகோள் இந்த இரண்டு எல்லைக்கு நடுவே எங்கே நிற்கிறது என்பதைக் கைக்கணக்கு பத்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

இங்கே விழக்கூடிய பொறி அலகுதான். பல கோப்புகளில் பென்னுவின் ஜிஎம் 4.89 × 10⁻⁹ என்று இருக்கும், ஏனென்றால் அவை கிலோமீட்டரில் எழுதியவை. ஒளி அழுத்தமோ மீட்டரில் இருக்கும். எல்லாவற்றையும் மீட்டருக்கு மாற்றிவிட்டுத்தான் நிரலுக்குள் விடுங்கள். நடுவில் மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தால் எங்கோ ஒரு ஆயிரம் விட்டுப்போகும்.

4. எவ்வளவு உயரத்தில் சுற்றலாம்?

ஈர்ப்பு தொலைவின் வர்க்கத்தில் குறைகிறது. ஒளியின் தள்ளல் அந்தச் சில கிலோமீட்டருக்குள் மாறுவதே இல்லை. எனவே ஒரு தொலைவில் இரண்டும் சமமாகும். நம் கலத்துக்கு, ஒரு வானியல் அலகில், அது 10.5 கிலோமீட்டர்.

அதற்குள் எங்கு வேண்டுமானாலும் சுற்றலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சிறிய வான்பொருள்களைச் சுற்றும் பாதைகளைப் பற்றி நிறைய ஆராய்ந்த டேனியல் ஷீரிஸ் தரும் வரம்பு இதைவிடக் கடுமையானது: அந்தச் சம தொலைவை 3-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி 4-ஆல் வகுக்க வேண்டும், அதாவது 0.433 மடங்கு. நமக்கு 4.5 கிலோமீட்டர் வரும். பாதையின் அரைப் பேரச்சு (நீள்வட்டத்தின் நீண்ட விட்டத்தில் பாதி) அதற்கு மேல் போனால் ஒளி கலத்தை ஒரேயடியாகப் பறித்துக்கொண்டு போய்விடலாம்.

இன்னும் ஒரு திருத்தம் பாக்கி. பென்னு சூரியனுக்கு மிக அருகில் வரும்போது ஒளி அழுத்தம் ஒரு வானியல் அலகில் இருப்பதைவிட 1.24 மடங்கு, மிகத் தொலைவில் 0.54 மடங்கு. ஆண்டுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி இறங்குகிறது. மோசமான நாளைத்தான் எடுக்க வேண்டும். அப்போது வரம்பு 4.1 கிலோமீட்டர். கலம் எரிபொருளைச் செலவழித்து எடை குறைந்தாலும் வரம்பு குறையும். கிளம்பிய நாளின் நிறையைப் போட்டுக் கணக்கிட்டால் இருப்பதைவிடப் பாதுகாப்பாகத் தெரியும், கவனம்.

மிகத் தாழ்வாகவும் போக முடியாது. இறங்க இறங்கப் பென்னுவின் வடிவக் கோணல் மேலோங்கும். 1.75 கிலோமீட்டரில் அதன் விளைவு ஒளியின் விளைவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தரையிலிருந்து 680 மீட்டருக்கு இறங்கினால் இரண்டும் ஒன்றோடொன்று போட்டி போடும் அளவு. ஓசைரிஸ்-ரெக்ஸ் 2018 டிசம்பர் 31 அன்று, எட்டு வினாடி மட்டும் உந்தியை இயக்கிப் பென்னுவைச் சுற்றத் தொடங்கியது. 2019 ஜூனில்தான் 680 மீட்டர் உயரத்துக்கு இறங்கியது. முதலில் தள்ளி நின்று சுற்றிக் கற்றுக்கொண்டார்கள். நீங்களும் 1.75 கிலோமீட்டரிலேயே தொடங்குங்கள், அந்த உயரத்தில் பென்னுவை உருண்டையாக எடுத்துக்கொண்டாலும் முதல் விடை கெட்டுப்போகாது.

5. எந்தத் தளத்தில் சுற்ற வேண்டும்?

இதுதான் கட்டுரையின் நடுப்பகுதி, பொறுமையாகப் படியுங்கள்.

பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளுக்கு, எங்கே பறக்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகு ஒளி அழுத்தத்தை ஒரு திருத்தமாகச் சேர்ப்பார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. பென்னு மாதிரிச் சின்னச் சிறுகோளில் எந்தப் பாதை நிற்கும், எது விழும் என்பதை ஒளிதான் தீர்மானிக்கிறது.

என் முதல் பாதை பென்னுவின் நடுக்கோட்டுக்கு மேலாக, பகல் பக்கமும் இரவுப் பக்கமும் மாறி மாறிப் போனது. சூரியன் ஏறக்குறைய அந்தப் பாதையின் தளத்திலேயே இருந்தது. அப்போது என்ன ஆகும்? கலம் சூரியனை நோக்கி வரும் பாதியில் ஒளி அதன் வேகத்தைக் குறைக்கிறது, விலகிப் போகும் பாதியில் கூட்டுகிறது. ஒரு சுற்று முடியும்போது ஆற்றல் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், ஆனால் வட்டம் ஒரு பக்கம் நசுங்கி நீள்வட்டமாகியிருக்கும். அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் நசுங்கும். கைக்கணக்கும் இருக்கிறது: மையப்பிறழ்வு (வட்டம் எவ்வளவு நசுங்கியது என்பதன் அளவு, முழு வட்டத்துக்கு 0) தொடக்கத்தில் ஏறும் வேகம், ஒளி முடுக்கத்தை ஒன்றரையால் பெருக்கி, அதைப் பாதையில் ஓடும் வேகத்தால் வகுத்தால் வருவது. நம் கலத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.11. மையப்பிறழ்வு 0.84-ஐத் தொட்டதும் நீள்வட்டத்தின் கிட்டமுனை பென்னுவின் தரைக்குள் போய்விடுகிறது. நசுங்க நசுங்க ஏறும் வேகம் குறைவதால், அதற்குச் சுமார் 9 நாள் ஆகும்.

என் நிரல் பத்தாம் நாள் மோதல் என்று சொன்னது. இந்தக் கணக்கை முதல் வாரமே போட்டிருந்தால் அதை நம்பியிருப்பேன்.

சரி, அப்படியானால் எது நிற்கும்? பகலும் இரவும் சந்திக்கும் எல்லைக்கு மேலாகவே போகும் பாதை. டெர்மினேட்டர் பாதை என்பார்கள். அதன் தளம் சூரியத் திசைக்குச் செங்குத்து. கலம் எங்கே இருந்தாலும் ஒளி பக்கவாட்டில்தான் தள்ளுகிறது, போகிற வழியில் முடுக்கவோ தடுக்கவோ இல்லை. அதனால் வட்டம் நசுங்குவதில்லை. முழுப் பாதையும் இரவுப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு நகரும் என்றால், ஆரத்தை அந்த 2.8 விழுக்காட்டால் பெருக்குங்கள்: ஏறக்குறைய 49 மீட்டர். இந்த 49-ஐ மறக்காதீர்கள், ஏழாம் படியில் வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பென்னு சூரியனைச் சுற்றிப் போகப் போகச் சூரியத் திசை நாளுக்குச் சராசரியாக 0.83 பாகை திரும்புகிறது. பாதையின் தளம் வெளியில் அப்படியே நின்றால் நூறு நாளில் 80 பாகைக்கு மேல் விலகிவிட வேண்டும். ஆனால் விலகுவதில்லை. எந்த ஒளி மற்றப் பாதைகளைத் தரையில் தள்ளுகிறதோ, அதே ஒளி இந்தத் தளத்தை மெல்லத் திருப்பிச் சூரியனையே பார்த்தபடி வைத்திருக்கிறது. ஓசைரிஸ்-ரெக்ஸ் குழு இந்த வகைப் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்கு இது முக்கியக் காரணம். கூடுதல் நன்மையாகக் கலம் நிழலுக்குள் போவதில்லை, சூரியத் தகடுகளுக்கு எப்போதும் வெளிச்சம்.

6. நிரல் எழுதுதல்

நிரல் நீளமானது அல்ல. பென்னுவின் மையத்தை மூலமாகக் கொண்ட, சுழலாத அச்சுகள். கலத்தின் முடுக்கம் மூன்று பகுதிகளின் கூட்டல்: பென்னுவின் ஈர்ப்பு, ஒளி அழுத்தம், சூரிய ஈர்ப்பின் வேறுபாடு. அதைப் பைத்தானின் அறிவியல் கணக்குத் தொகுப்பான சைபையின் சமன்பாட்டுத் தீர்வியிடம் கொடுத்தால் அது படிப்படியாக நகர்த்திப் பாதையைத் தரும். நான் விழுந்த குழிகளையும், மற்றவர்கள் விழுந்து பார்த்த குழிகளையும் மட்டும் சொல்கிறேன்.

துல்லியத்தை இயல்பு அளவில் விடாதீர்கள். சைபையின் தீர்வி இயல்பாக ஆயிரத்தில் ஒரு பங்கு பிழையை அனுமதிக்கிறது. 1750 மீட்டர் பாதையில் அது ஒன்றே முக்கால் மீட்டர், ஒவ்வொரு அடியிலும். நாம் தேடும் விளைவே சில விழுக்காடுதான், அந்தப் பிழை அதை விழுங்கிவிடும். ஒளியே இல்லாத நிலையிலும் பாதை சுருங்குவது போலவோ விரிவது போலவோ தெரியும். நான் தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்த உண்மையான பிழை இதுதான். சார்புப் பிழை வரம்பை (rtol) 10⁻¹⁰ அல்லது அதற்கும் கீழே வையுங்கள், தனிப் பிழை வரம்பையும் (atol) சேர்த்துக் குறையுங்கள், முறையாக டிஓபி853-ஐத் தேர்ந்தெடுங்கள்.

சூரிய ஈர்ப்பை நேரடியாகச் சேர்க்காதீர்கள். ஒரு வானியல் அலகில் அது 5.9 × 10⁻³ மீட்டர் / வினாடி², பென்னுவின் இழுப்பைவிட 3,700 மடங்கு. அப்படியே போட்டால் கலம் முதல் ஒரு மணி நேரத்தில் 38 கிலோமீட்டர் போய்விடும். சூரியன் பென்னுவையும் அதே அளவுக்கு இழுக்கிறது என்பதால் அதைக் கழிக்க வேண்டும். கழித்தபின் மிஞ்சுவது ஒளி அழுத்தத்தில் முந்நூறில் ஒரு பங்கு அளவுதான். முதல் முயற்சியில் இந்தப் பகுதியை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, தப்பாகப் போடுவதைவிட அது நல்லது.

திசையைச் சரிபாருங்கள். தள்ளல் சூரியனிலிருந்து கலத்தை நோக்கி. ஹொரைசன்ஸில் பென்னுவிலிருந்து சூரியனைப் பார்த்தீர்களா, சூரியனிலிருந்து பென்னுவைப் பார்த்தீர்களா என்பதைப் பொறுத்துக் குறி மாறும். குறி தப்பானாலும் பாதை அழகாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து.

சூரியத் திசையை நாளுக்கு ஒன்று வீதம் இறக்கினால் போதும். ஆனால் நடுவில் உள்ள நேரங்களுக்கு மென்மையாக இடைக்கணிப்புச் செய்யுங்கள். நள்ளிரவில் ஒரு குதி குதித்தால் தீர்வி அங்கே திணறும்.

ஜிமாட் வழியாகச் செய்ய நினைப்பவர்களுக்கு: அதில் சிறுகோளை நாமே புதிய வான்பொருளாகச் சேர்க்க வேண்டும். முடியும், ஆனால் முதலில் சொந்த நிரலில் ஒருமுறை செய்துவிட்டுப் போனால் அங்கே கேட்கும் ஒவ்வொரு எண்ணும் எதற்கு என்று புரியும்.

7. நான்கு சோதனைகள்

இவற்றை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

முதலில் ஒளியை அணைத்து, வெறும் ஈர்ப்போடு நூறு நாள் ஓட்டுங்கள். மொத்த ஆற்றல் மாறக் கூடாது. எட்டாவது, ஒன்பதாவது இலக்கம் வரை நின்றால் நிம்மதி. மூன்றாவது இலக்கத்திலேயே ஆடினால் துல்லியத்தைப் பாருங்கள்.

அடுத்து, கலத்தை ஓரிடத்தில் நிறுத்தி, ஈர்ப்பை அணைத்து, ஒளியை மட்டும் ஒரு நாள் விடுங்கள். பென்னு ஒரு வானியல் அலகில் இருக்கும் நாளாகப் பாருங்கள். 165 மீட்டர் நகர வேண்டும், அதுவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக. அலகுப் பிழை, திசைப் பிழை இரண்டும் இங்கேயே வெளிவந்துவிடும். எல்லாச் சோதனையிலும் மலிவானதும் பயனுள்ளதும் இது.

மூன்றாவது, சூரியன் பாதையின் தளத்திலேயே இருக்குமாறு வைத்து ஓட்டுங்கள். தொடங்கிய இடத்தைப் பொறுத்து 9, 10 நாளை ஒட்டி மோத வேண்டும். மோதாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். மோதலைக் கண்டுபிடிக்கும் நிபந்தனையை நிரலில் வைக்க மறந்தால் கலம் பென்னுவுக்குள் புகுந்து மறுபக்கம் வரும், வரைபடத்தில் அது தெரியாமலே போகலாம்.

நான்காவது, டெர்மினேட்டர் பாதை. சராசரி இடத்தைக் கணக்கிட்டால் மையம் 49 மீட்டர் இரவுப் பக்கம் தள்ளியிருக்க வேண்டும். தொடக்கத்திலேயே கலத்தை அந்த 49 மீட்டர் தள்ளி வைத்துத் தொடங்குங்கள். பென்னுவின் மையம் வழியாகவே தளத்தை வைத்தால் பாதை அந்த நிலையைச் சுற்றி ஆடிக்கொண்டே இருக்கும். அது பிழை அல்ல, பயப்பட வேண்டாம்.

8. அடுத்த அடுக்கு: கலம் ஒரு உருண்டை அல்ல

இதுவரை கலத்தை ஒரே பரப்பும் ஒரே கெழுவும் கொண்ட உருண்டையாக வைத்தோம். பீரங்கிக்குண்டு மாதிரி என்பது இதன் வழக்கப் பெயர். ஒளியை முழுக்க விழுங்கினால் கெழு 1, சூரியனுக்கு நேரே நிற்கும் கண்ணாடிபோல் முழுக்கத் திருப்பினால் 2. உண்மைக் கலம் நடுவில் எங்கோ.

நிஜத்தில் தகடுகள் தட்டையானவை. அவை சூரியனுக்கு நேரே இல்லாமல் சாய்ந்தால் பரப்பு குறைவதோடு, எதிரொளித்த ஒளி கலத்தைப் பக்கவாட்டிலும் தள்ளும். ஒவ்வொரு முகத்தையும் தனித் தட்டாக எடுத்துக் கூட்டுவது அடுத்த நிலை. இதற்கு உங்களுக்கு வேண்டிய ஆவணம் கலத்தின் நோக்குநிலைக் கோப்பு. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் பார்த்தது என்பது அதில்தான் இருக்கும்.

அப்புறம் வெப்பம். கலம் தான் விழுங்கிய வெளிச்சத்தை அகச்சிவப்பாக வெளிவிடுகிறது, அதுவும் ஒரு தள்ளல். பென்னுவும் அப்படித்தான். அது தன்மேல் விழும் ஒளியில் 4.4 விழுக்காட்டைத்தான் எதிரொளிக்கும், கரியைப் போன்ற கறுப்பு. மிச்சத்தையெல்லாம் வெப்பமாக வெளியே விடுகிறது. 1.75 கிலோமீட்டரில் இது சூரிய ஒளி அழுத்தத்தில் நூறில் ஒன்று இரண்டு பங்கு அளவு, தாழ இறங்கினால் கூடும். ஓசைரிஸ்-ரெக்ஸ் வழிகாட்டுக் குழு இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்தது. நீங்கள் இதற்கு வருவது ஏழாம் படியின் நான்கு சோதனையும் தேறிய பிறகு மட்டும் இருக்கட்டும்.

9. உண்மைப் பாதையோடு ஒப்பிடுதல்

ஸ்பைஸை நடத்தும் நாசாவின் நைஃப் குழுவின் காப்பகத்தில் ஓசைரிஸ்-ரெக்ஸ் சென்ற பாதை ஸ்பைஸ் கோப்பாகக் கிடைக்கிறது. அதில் 2019 ஜனவரியில் ஒரு நாளை எடுத்து, அன்றைய இடத்தையும் வேகத்தையும் உங்கள் தொடக்க நிலையாகக் கொடுங்கள். பிறகு உங்கள் நிரல் சொல்லும் பாதையையும் உண்மைப் பாதையையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள்.

நேரத்தில் கவனம். ஸ்பைஸ் உள்ளுக்குள் பயன்படுத்தும் நேரமும் நாம் எழுதும் உலகப் பொது நேரமும் இப்போது 69.184 வினாடி வேறுபடுகின்றன. லீப் வினாடிக் கோப்பை ஏற்றினால் அது தானே பார்த்துக்கொள்ளும். கையால் மாற்ற முயலாதீர்கள்.

கலம் நடுவில் சிறு உந்துதல்கள் செய்திருக்கும். அந்த நாள்களைத் தாண்டி ஒப்பிட்டால் திடீரென்று இரண்டு கோடுகளும் பிரியும், அது உங்கள் தவறு அல்ல. இரண்டு உந்துதல்களுக்கு நடுவே உள்ள துண்டை மட்டும் எடுங்கள். அந்தத் துண்டில் பரப்பையும் கெழுவையும் சேர்த்த ஒற்றை எண்ணை மட்டும் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். நிறையை அன்றைய தேதிக்குச் சரியாகப் போட்டிருந்தால், ஏதோ ஓர் எண்ணில் இரண்டு கோடுகளும் நன்றாக நெருங்கும். எனக்கு அந்த வரைபடம் கிடைத்தது ஒரு ஞாயிறு இரவு. மறுநாள் அதைத்தான் அறிக்கையின் முதல் படமாக வைத்தேன். அதன் அடியில் எடுத்த நாள், நிறை, பரப்பு, கெழு, தளம், துல்லியம் ஆறையும் எழுதினேன். நீங்களும் எழுதிவிடுங்கள், வழிகாட்டி ஆசிரியர் முதலில் கேட்கும் கேள்விகள் அவைதான்.